நம்ம பக்கம் நீட்டிய செங்கல்

என் தம்பி பஸ் ஓட்டுகிறவன். எவ்வளவு நெருக்கமான தெருவானாலும் பக்கக் கண்ணாடியைக்கூட மடக்காமல் வண்டியைக் கொண்டுபோய்விடுவான் என்று டிப்போவில் அவனுக்கு நல்ல பெயர். அந்தத் தெம்பில்தான் பதினைந்தடி அகலத்தில் ஒரு மனையை வாங்கினான் போலிருக்கிறது. வீட்டுக்கு வரைபடம் போட்டுக் கட்டித் தருவது என் தொழில். கூடப் பிறந்த அக்கா ஒருத்தி இதே வேலையாக நாள் முழுக்க அலைகிறாளே, ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வோம் என்று தோன்றியதா என்றால், இல்லை. பத்திரம் பதிந்து முடித்த பிறகு போன் செய்தான்.

"அக்கா, இடம் வாங்கிட்டேன். வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். நீளம் தாராளமாக இருந்தது, தொண்ணூறு அடி. அகலத்தில்தான் கஞ்சத்தனம். இடது பக்கம் ஒரு பழைய சாமான் கிடங்கின் சுவர், பேருக்குக்கூட ஒரு ஜன்னல் இல்லை. வலது பக்கம் பள்ளிக்கூட விளையாட்டு மைதானம். இதெல்லாம் போதாதென்று மனையின் பின்பாதி பாறைமேல் ஏறி, முன்பாதியைவிட மூன்றடி உயரத்தில் உட்கார்ந்திருந்தது.

"இது மனையாடா, இல்ல முட்டுச்சந்தா?"

"பஸ்ஸோட அகலம் எட்டடிதான்க்கா. அதுல அறுபது பேரு வரல?"

"அவங்கல்லாம் இறங்கிப் போயிடுவாங்க. வீட்ல இருக்கறவங்க எந்த ஸ்டாப்புல இறங்குறது?"

சிரித்தான். சின்ன வயதிலிருந்தே அவனுக்கு அதுதான் ஆயுதம். நானும் ஒவ்வொரு முறையும் ஏமாந்துபோகிறேன்.

அவன் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். மாடி வீடு அவர்களுக்கு ஆகாது, படி இருக்கிற வீடும் ஆகாது. ஏனென்றால் அவன் மனைவி சக்கர நாற்காலியில் இருப்பவள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அப்படித்தான். கணக்கு ட்யூஷன் எடுப்பாள். பிள்ளைகள் மிஸ் மிஸ் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு, எங்கள் குடும்பத்திலும் அவளுக்கு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. "மிஸ், சாப்பிடலாமா" என்று தம்பியே கேட்பான்.

மிஸ்ஸின் நாற்காலியில் பின்னால் தள்ளுவதற்கான கைப்பிடி கிடையாது. கடையிலிருந்து வரும்போது இருந்ததுதான். அவளே திருகாணியைக் கழற்றி இரண்டையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, சமையலறை இழுப்பறையில் கரண்டிகளுக்குப் பின்னால் போட்டுவிட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"ரோட்டுல நிப்பேன் அண்ணி. யாராவது வந்து, கேக்கக்கூட மாட்டாங்க, புடிச்சுத் தள்ளிட்டுப் போய் அந்தப் பக்கம் விட்டுடுவாங்க. நான் அந்தப் பக்கம் போகணும்னு சொன்னேனா?"

நான் ஆட்களைப் பிடித்துத் தள்ளித்தான் வேலை வாங்குகிறவள். கை வைக்கவே இடம் கொடுக்காத ஒருத்தியிடம் எப்படிப் பழகுவது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் என்னிடம் மரியாதையாகத்தான் இருந்தாள், ஆனால் எட்டவே நின்றாள். உங்க தம்பி, உங்க வீட்டுல, உங்க பக்கத்துச் சொந்தம் என்றுதான் பேச்சு. 'நம்ம' என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதேயில்லை. கணக்கு மிஸ் அல்லவா, எது யாருடையது என்பதில் கறார்.

வரைபடம் போடுவதற்கு முன் அவர்கள் வாடகை வீட்டில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். என் வழக்கம் அது, ஆட்கள் எப்படிப் புழங்குகிறார்கள் என்று பார்க்காமல் பேனாவைத் தொடமாட்டேன். மிஸ் சமையலறைக்குள் போனாள், காபி போட்டாள், மடியில் தட்டை வைத்து அதில் டம்ளரை வைத்துக்கொண்டு பின்பக்கமாகவே உருட்டி வெளியே வந்தாள். உள்ளே திரும்ப இடமில்லை. குளியலறையிலும் அதே கதை. தம்பி சோபாவிலிருந்தபடியே, "வா, வா, வா... ஒடி... ரைட்டு" என்று கண்டக்டர் வேலை பார்த்தான். அவளும் சிரித்தாள். மூன்றாவது தடவை அவன் சொன்னபோது சிரிக்கவில்லை. கதவு நிலையில் முழங்கை இடித்துக் காபி கொஞ்சம் கொட்டியது.

"உனக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்?" என்று கேட்டேன்.

"ரிவர்ஸ் எடுக்காத வீடு."

"அவ்வளவுதானா? விசாலமா, ஹால் பெருசா, அதெல்லாம் வேண்டாமா?"

"அதான் அண்ணி விசாலம். முன்னாடி பாத்துப் போய், முன்னாடி பாத்தே வெளிய வரணும். அப்புறம் என்னை யாரும் தள்ளக் கூடாது. அது ரெண்டும் இருந்தா உங்க ப்ளான் எப்படி இருந்தாலும் சரி."

என் ப்ளானாம்.

வீட்டுக்கு வந்து படம் போட ஆரம்பித்தேன். குறுகலான மனையில் எல்லோரும் செய்யும் தப்பு ஒரு பக்கம் நடைவழியை விட்டு மறுபக்கம் அறைகளை அடுக்குவது. ரயில் பெட்டி போல ஆகிவிடும். நான் நடைவழியையே தூக்கிவிட்டேன். தெருவை ஒட்டி ட்யூஷன் அறை. அங்கிருந்து மைதானத்துப் பக்கமாக நாலடி அகலத்தில் ஒரு சரிவு மெல்ல ஏறிப் பின்னால் பாறைமேலிருக்கும் சமையலறைக்கும் படுக்கையறைக்கும் போகும். நடுவில் நின்று மூச்சு வாங்கச் சமதளமாக ஓரிடம். சரிவுக்கு மேலே கூரையில் நீளமாகக் கண்ணாடி. ஒரு வழியாகப் போய் இன்னொரு வழியாக வரும்படி சமையலறைக்கு இரண்டு வாசல். கதவெல்லாம் பக்கவாட்டில் தள்ளுகிற கதவு.

காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும். அதை நம்பக் கூடாது. தம்பியிடம் சொல்லி, ஒரு விடுமுறை நாளில் டிப்போவில் இரண்டு பஸ்களை நகர்த்தச் சொல்லி, அந்த இடத்தில் கயிறு பிடித்துச் சுண்ணாம்பால் முழு வீட்டையும் உண்மையான அளவில் தரையில் வரைந்தோம். எண்ணெய்க் கறை படிந்த தரையில் படுக்கையறை வந்தது, சமையலறை வந்தது. டிரைவர்களும் மெக்கானிக்குகளும் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். மிஸ் வாசலில் நுழைந்து உருட்டிக்கொண்டு போனாள். "மேடம், பெட்ரூம்ல செருப்போட நிக்கிறேன், மன்னிச்சுக்கோங்க" என்று ஒரு மெக்கானிக் நகர்ந்துகொண்டார்.

குளியலறையில் மாட்டிக்கொண்டாள். உள்ளே போனவளால் திரும்ப முடியவில்லை. தம்பி வாயைத் திறக்கப் போனான், நான் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அவளே குனிந்து ஈரத்துணியால் ஒரு கோட்டைத் துடைத்தாள்.

"இங்க ஒரு கதவு வெச்சா நேரா பெட்ரூமுக்குப் போயிடுவேன்."

அது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று எரிச்சலாக வந்தது. ஆனாலும் சரியென்றேன். சரியாகத்தான் இருந்தது.

டிப்போ தரையில் ஒன்றை மட்டும் சோதிக்க முடியவில்லை. சரிவை. தரையில் கோடு போடலாம், மேட்டைப் போட முடியுமா? அங்கே இங்கே சுற்றியதற்கே மிஸ் வலது தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வருஷக்கணக்காகச் சக்கரத்தைத் தள்ளித் தள்ளித் தோள் மூட்டு தேய்ந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருந்தாராம். அதை அவள் தம்பியிடமே அரைகுறையாகத்தான் சொல்லியிருந்தாள்.

"சரிவுல கையால புடிக்க ஒரு ஸ்டீல் கம்பி போட்டுடறேன்" என்றேன்.

"வேண்டாம் அண்ணி. ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி இருக்கும். நான் பாத்த ஆஸ்பத்திரி போதும்."

"ஏற முடியலன்னா?"

"ஏறிட்டா என் வீடு. ஏறலன்னா அந்தக் கைப்பிடியை எடுத்து மாட்டிக்கிறேன். உங்க தம்பி காலைல தள்ளி மேல விடட்டும், சாயங்காலம் வந்து கீழ இறக்கட்டும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அன்றைக்கு ராத்திரி வரைபடத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பாறையை உடைத்து மட்டமாக்கலாமென்றால் பக்கத்துக் கிடங்கின் அஸ்திவாரம் தாங்காது. சரிவை இன்னும் நீட்டலாமென்றால் முன்னால் ட்யூஷன் அறைக்கு இடமிருக்காது. ஆக, என் கையில் இருந்தது அந்தச் சரிவுதான், அவள் கையில் இருந்தது அந்தத் தோள்தான்.

இனி என் ஆசையைச் சொல்கிறேன். மைதானத்துப் பக்கச் சுவர். வெளிச்சமும் காற்றும் அந்த ஒரு பக்கமிருந்துதான் வரவேண்டும் என்பதால் அதை 'ஜாலி' என்று சொல்கிற ஓட்டைச் சுவராக வைத்தேன், செங்கல்லுக்குச் செங்கல் இடைவெளி விட்டு. அதோடு நிறுத்தியிருக்கலாம். என்னால் முடியவில்லை. இடையிடையே ஒரு செங்கல் இரண்டு அங்குலம் சுவரைவிட்டு நீட்டிக்கொண்டிருக்கும்படி ஒரு கோலம் போட்டேன். சாயங்கால வெயில் மைதானத்தைத் தாண்டி அந்தச் சுவரில் விழும்போது நீட்டிய கல் ஒவ்வொன்றும் ஒரு நிழல் போடும், சுவர் முழுக்க நெய்த துணி மாதிரி தெரியும். மைதானத்தில் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு, அதில் உட்கார்ந்துதான் வரைந்தேன். தெருவில் போகிறவர்கள் நின்று யார் கட்டினது என்று கேட்கவேண்டும். அதுதான் ஆசை, மறைப்பானேன்.

மேஸ்திரிக்கு என் ஆசையில் பாதிதான் பிடித்தது. என்னோடு பல வீடு கட்டியவர், நல்ல கை, வாய் அதைவிட நீளம்.

"பூசாம விடச் சொல்றீங்களே மேடம், பாக்கறவன் நான் பாதியில ஓடிட்டேன்னு நெனைக்க மாட்டானா?"

"நெனைக்கட்டும். நீங்க ஓடாம அங்கயே நில்லுங்க."

கம்பி கட்டி, அஸ்திவாரம் போட்டு, சரிவுக்குக் கான்கிரீட்டும் போட்டாயிற்று. சுவர் ஆரம்பிக்கிற அன்று நான் ஒரு டைல்ஸ் கடையில் சண்டையில் இருந்தேன். சொரசொரப்பான டைல்ஸ் கேட்டால் முகம் பார்க்கிற பளபளப்பில் அனுப்பியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து மேஸ்திரியின் போன்.

"மேடம், ப்ளான் மழைல நனைஞ்சு கோடெல்லாம் கலைஞ்சு கெடக்கு. செங்கல்லு எந்தப் பக்கம் நீட்டணும்?"

"நம்ம பக்கந்தான் மேஸ்திரி. வேற யார் பக்கம் நீட்டுவீங்க?"

"அதானே. நானும் அப்படித்தான் நெனச்சேன்."

போனை வைத்துவிட்டுக் கடைக்காரரிடம் திரும்பினேன். மறுநாளே வெளியூரில் இன்னொரு வேலைக்குப் போகவேண்டியிருந்தது. சுவர் எப்படி வருகிறது என்று கேட்டதற்குத் தம்பி ஒரு போட்டோ அனுப்பினான். அதில் முக்கால்வாசி அவன் மூஞ்சிதான் இருந்தது.

திரும்பி வந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மைதானத்துக்குத்தான் போனேன். பெஞ்சில் ஆசையாக உட்கார்ந்து பார்த்தேன். சுவரில் ஒரு கல்கூட நீட்டிக்கொண்டிருக்கவில்லை. அதற்குப் பதிலாகச் சுவர் முழுக்கக் குழி குழியாக, அம்மைத் தழும்பு மாதிரி. உள்ளே ஓடிப் பார்த்தேன். அத்தனை செங்கல்லும் சரிவின் பக்கம் மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது.

"மேஸ்திரி."

சாரத்திலிருந்து மெதுவாக இறங்கி வந்தார். என் குரலை வைத்தே விஷயம் பெரிதென்று புரிந்திருக்கவேண்டும்.

"என்ன வேலை இது? நான் எந்தப் பக்கம் சொன்னேன்?"

"நம்ம பக்கம் சொன்னீங்க."

"நம்ம பக்கம்னா மைதானத்துப் பக்கம்."

"மைதானம் எப்படி மேடம் நம்ம பக்கமாகும்? அது பள்ளிக்கூடத்துக்காரங்க இடம். நம்ம மனை இந்தப் பக்கந்தானே இருக்கு."

"நான் எங்க நின்னு பாக்கறனோ அதுதான் என் பக்கம்."

"என் பக்கம்னு சொல்லியிருந்தா அங்கயே நீட்டியிருப்பேன் மேடம். நீங்க நம்ம பக்கம்னீங்க. நம்மன்னா அதுல நானும் சேர்த்தி இல்லையா? நான் இங்கதானே நிக்கிறேன்."

பதில் வராவிட்டால் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும். நீட்டின கல் வழியின் அகலத்தில் இரண்டு அங்குலத்தைத் தின்றுவிட்டது, நாற்காலி போகும்போது சக்கரம் உரசும், கை இடிக்கும், இது சுவரா முள்வேலியா என்று கத்தித் தீர்த்தேன். மொத்தத்தையும் உடைத்துத் திருப்பிக் கட்டச் சொன்னேன். மேஸ்திரி தலையிலிருந்த துண்டை எடுத்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டார். சுவரைப் பார்த்தார். அவருக்கு வலித்தது என்று தெரிந்தது. அதற்காக விட்டுவிட முடியுமா?

தம்பி வந்தான். அவன் மேஸ்திரி கட்சி. "நம்ம பக்கம்னா உள்பக்கந்தான்க்கா. எந்தப் பஸ்ல கேட்டாலும் அதான் சொல்லுவாங்க."

"பஸ்ஸை இழுக்காதடா."

"சரி, உடை. ஆனா அதுக்கு முன்னாடி நாளைக்கு மிஸ்ஸைக் கூட்டிட்டு வரேன். ராம்ப் காஞ்சதுலேர்ந்து ஏறிப் பாக்கணும், ஏறிப் பாக்கணும்னு ஒரே பிடியா இருக்கா. நீ உடைக்க ஆரம்பிச்சா வழியெல்லாம் கல்லாக் கெடக்கும்."

அதுவும் நியாயமாகத்தான் இருந்தது. அன்றைக்கு எல்லோரும் நியாயமாகவே பேசினார்கள், என்னைத் தவிர.

மறுநாள் சாயங்காலம் மிஸ் வந்தாள். தலையை இழுத்துக் கட்டியிருந்தாள், கையில் உறை போட்டிருந்தாள். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி யார் முகத்தையும் பார்க்கவில்லை. ட்யூஷன் அறையைப் பார்த்து, கரும்பலகை எங்கே வரும் என்று மட்டும் கேட்டாள். பிறகு சரிவின் அடியில் வந்து நின்றாள். மடியில் ஒரு பை இருந்தது. பையின் வாயில் பிளாஸ்டிக் உறை தெரிந்தது. கைப்பிடிகளைக் கையோடு கொண்டுவந்திருக்கிறாள்.

"நடுவுல நில்லு, மூச்சு வாங்கிக்க, அப்புறம் ஏறு" என்றேன்.

"தெரியும் அண்ணி."

முதல் பாதியை ஒழுங்காக ஏறினாள். இரண்டு கையும் ஒன்றாக விழுந்து ஒன்றாக எழுந்தன. சமதளத்தில் நின்றாள், தோளை ஒருமுறை சுழற்றினாள். தம்பி பின்னால் நின்றான். மேஸ்திரியும் ஆட்களும் வேலையை விட்டுவிட்டுக் கீழே நின்றார்கள். பள்ளிக்கூடத்தில் மணி அடித்தது. ஜாலியின் ஓட்டைகள் வழியாக வெயில் வந்து சரிவு முழுக்கக் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது.

இரண்டாம் பாதியில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. வலது கை சக்கரத்தில் அப்படியே நின்றுவிட்டது. அவள் முகம் ஒரு பக்கம் கோணியது. நாற்காலி மெல்லப் பின்னால் வர ஆரம்பித்தது. தம்பி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு முன்னால் பாய்ந்தான், பிடிக்கக் கைப்பிடி இல்லை.

"தொடாதீங்க."

அவன் நின்றான். அவள் இடது கையால் ஒரு சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மறுபக்கம் நழுவியது. நாற்காலி திரும்பிச் சுவரை நோக்கிச் சாய, விழாமலிருக்க வலது கையை எங்கேயாவது ஊன்றவேண்டும் என்று நீட்டினாள். கை ஒரு செங்கல்லில் விழுந்தது. நீட்டிக்கொண்டிருந்த அந்த இரண்டு அங்குலத்தை அவள் விரல்கள் வளைத்துப் பிடித்துக்கொண்டன. நாற்காலி நின்றது.

அவள் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. முடிந்தது, இனி பையைத் திறப்பாள் என்றுதான் நான் நினைத்தேன். வீடு கட்டுகிற தொழிலே வேண்டாம் என்றிருந்தது அந்த நிமிஷம்.

அவள் பையைத் திறக்கவில்லை. தன் கை எதைப் பிடித்திருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாள். பிறகு அந்தக் கல்லை லேசாக இழுத்தாள். நாற்காலி ஒரு சாண் ஏறியது. இடது கையால் சக்கரத்தை உருட்டி நேராக்கிக்கொண்டாள். வலது கை அடுத்த கல்லைத் தேடியது. சரியாகக் கை எட்டுகிற தூரத்தில் அது இருந்தது. இழுத்தாள்.

"தள்ளினாத்தான் வலிக்குது" என்றாள், எங்களிடமா தனக்குத்தானா என்று தெரியவில்லை. "இழுத்தா வலிக்கல."

கல் கல்லாகப் பிடித்து, கயிறு பிடித்துக் கிணற்றிலிருந்து ஏறுகிறவள் போல ஏறினாள். அவசரமேபடவில்லை. ஒரு கல்லில் விளிம்பு கூராக இருந்து உறையைக் கிழித்தது. உடனே மேஸ்திரி அந்தக் கல்லை விரல் நீட்டிக் காட்டித் தன் ஆளிடம் ஏதோ முணுமுணுத்தார். மேலே போய்ச் சேர்ந்தாள். பாறைமேல், சமையலறை வரப்போகிற இடத்தில், அகலமாக ஒரு வட்டம் அடித்துத் திரும்பி எங்களைப் பார்த்து நின்றாள். ரிவர்ஸ் எடுக்கவில்லை.

தம்பி அழுதுவிட்டான். அவன் எதற்குமே அழுகிறவன்தான், ஆனாலும் எனக்கும் கண் கலங்கியது.

"அண்ணி, இந்தச் செங்கல்லு உங்க ஐடியாவா?"

மேஸ்திரி ஆகாயத்தைப் பார்த்தார். நான் பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் இத்தனை சாட்சிகளை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

"இல்ல. போன்ல கேட்ட குழப்பத்துல வந்தது."

"உடைக்கப் போறீங்களாமே?"

"யாரு சொன்னா?"

"உங்க தம்பி."

"அவனுக்கு வேற வேலையில்ல."

உடைக்கவில்லை. சக்கரத்தின் உயரம் வரைக்கும் இருந்த நீட்டலை மட்டும் செதுக்கி மட்டமாக்கினோம், உரசக் கூடாதென்று. மேலே அவள் கை எட்டும் வரிசைகளில் ஒவ்வொரு கல்லின் விளிம்பையும் மேஸ்திரி தேய்த்து உருட்டினார். ஆட்களை நம்பவில்லை, தானே செய்தார். மிஸ்ஸை வரச்சொல்லி ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வைத்தார். "இது ஓகே, இது கடிக்குது" என்று அவள் சொல்லச் சொல்ல மறுபடியும் தேய்த்தார். அவள் பரீட்சைத் தாள் திருத்துகிற தோரணையிலேயே அதைச் செய்தாள். முழு மதிப்பெண் அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

வெளிப்பக்கத்துக் குழிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். முதலில் பார்க்கவே பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனேன். ஒரு நாள் சாயங்காலம் வேறு வழியில்லாமல் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தேன். வெயில் சாயச் சாயக் குழி ஒவ்வொன்றிலும் நிழல் ஊறி நிறைந்தது. நான் வரைந்ததைவிட மோசமில்லை. குருவிகள் சிலவற்றில் குடியேறிவிட்டன. கைக்கெட்டுகிற குழிகளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சாக்பீஸ் துண்டும் கோலிக்குண்டும் ஒளித்து வைத்திருந்தார்கள். தெருவில் போன ஒருவர் நின்று, "யாரு கட்டினது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சாரத்தின் மேலிருந்து மேஸ்திரி, "நாங்கதான்" என்றார். அந்த 'நாங்க'வில் நான் உண்டா என்று கேட்க நினைத்தேன், விட்டுவிட்டேன்.

கடைசியாக வாசல் கதவு வந்தது. பக்கவாட்டில் தள்ளுகிற அகலமான மரக்கதவு. அதற்கென்று நான் பித்தளையில் ஒரு கைப்பிடி பார்த்து வைத்திருந்தேன், கடையில் சொல்லியும் வைத்திருந்தேன். மாட்டுகிற அன்று எல்லோரும் ட்யூஷன் அறையில் இருந்தோம். புதுக் கரும்பலகையில் தம்பி ஒரு பஸ் வரைந்துகொண்டிருந்தான். மிஸ் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து மேஸ்திரியிடம் நீட்டினாள்.

"கதவுக்கு இதை மாட்டிடுங்க. நல்லா கனமா இருக்கு. கைக்கும் அடக்கமா இருக்கும்."

உறையைப் பிரித்தார். கறுப்பு ரப்பர் பிடி போட்ட இரண்டு கைப்பிடிகள். என் பித்தளையை நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

மேஸ்திரி கதவின் முன்னால் நின்று இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார். "உள்ள ஒண்ணு, வெளிய ஒண்ணா? இல்ல, ரெண்டும் ஒரே பக்கமா மிஸ்?"

"ஒரே பக்கம். ஒண்ணு எனக்கு எட்டுற உயரத்துல, ஒண்ணு நிக்கிறவங்களுக்கு."

"எந்தப் பக்கம்?"

"நம்ம பக்கம்."

மேஸ்திரி கையிலிருந்த துளைக்கருவியைக் கீழே வைத்துவிட்டார்.

"எந்த நம்ம? ஒரு தடவை பட்டாச்சு. தெளிவா சொல்லிடுங்க."

மிஸ் சிரித்தாள். நாற்காலியை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொருவராகக் கை காட்டினாள். "நான், அண்ணி, நம்ம டிரைவர், நீங்க. இப்ப நாம எல்லாரும் இருக்கற பக்கம்."

"உள்பக்கம்" என்றார் மேஸ்திரி, உறுதி செய்துகொள்ள.

"உள்பக்கந்தான். வெளிய நின்னு இழுக்கறவங்க கதவைத் தட்டட்டும், நம்ம யாராவது தெறந்து விடுவோம்."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "மேடம்?"

"அவ சொன்னதுதான்" என்றேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ரசமட்டத்தை எடுத்துக் கைப்பிடியின் மேல் வைத்துப் பார்த்து, கோணலாகப் பிடித்திருக்கிறார் என்று அவரைத் திட்டினேன். அது கோணலாக இல்லை.